ரிமோட் டெஸ்க்டொப்பில் பில் அடிக்க எந்த வழி: ஈஸி பிரிண்ட்டா, சொந்த டிரைவரா, நேரடி நெட்வேர்க்கா?

காலை ஒன்பதரைக்கு நெல்லியடிக் கிளையில் இருந்து அழைப்பு. "தம்பி, பில் போட்டாச்சு, பிரிண்டர் சும்மா இருக்குது." ஹாட்வெயார் கடை. சேவர் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில், தலைமைக் கடையில் இருக்கிறது. கிளையில் நிற்கும் பெடியன் ரிமோட் டெஸ்க்டொப்பில் அந்தச் சேவருக்குள் நுழைந்து பில் போடுகிறான். தாள் வரவேண்டியது அவன் மேசையில் இருக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரில். சீமெந்து ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு வண்டி வாசலில் நிற்கிறது, பில் இல்லாமல் போகாது.

சேவரில் அடிப்பதைக் கிளையின் பிரிண்டருக்குக் கொண்டுவர மூன்று நல்ல வழிகள் உண்டு, இரண்டு ஒப்புக்குச் சப்பாணி வழிகளும் உண்டு. எல்லாவற்றையும் வெவ்வேறு கடைகளில் போட்டுப் பார்த்துவிட்டேன். என் கணக்கில், பிரிண்டரில் இருந்து என்ன தாள் வரவேண்டும் என்பதை முதலில் கேட்டால் பாதித் தெரிவு முடிந்துவிடும்.

ஏ4 இன்வொய்ஸ், லேசர் பிரிண்டர் என்றால் ஈஸி பிரிண்ட் போதும். ரிமோட் டெஸ்க்டொப்புக்குள்ளேயே இருக்கும் இந்த வசதி 2008 வின்டோஸ் சேவரோடு வந்தது. அதற்கு முன்னர் கிளையில் இருக்கும் ஒவ்வொரு பிரிண்டரின் டிரைவரையும் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) சேவரில் ஏற்ற வேண்டியிருந்தது. ஈஸி பிரிண்டில் சேவருக்கு டிரைவரே தேவையில்லை. பக்கத்தை எக்ஸ்பிஎஸ் என்ற, பிடிஎஃப் போன்ற கோப்பாக்கி அனுப்பிவிடும், கிளைக் கணினி தன்னுடைய டிரைவரால் அதை அடிக்கும். சேவரில் குப்பை சேராது. புதுப் பிரிண்டர் வாங்கினாலும் சேவரைத் தொடத் தேவையில்லை.

டொட் மெட்ரிக்ஸில் இது என்னைப் பல தடவை கைவிட்டிருக்கிறது. பக்கம் முழுதும் படம் போலத்தான் போகிறது, அதனால் ஊசித்தலை ஒவ்வொரு வரிக்கும் இழுத்திழுத்து ஓடும். அரைத்தாள் அளவு ஏ4 ஆகிவிட, ஒரு பில்லுக்கு ஒரு வெறுந்தாளும் சேர்ந்து வரும். பழைய பில் மென்பொருள்கள் பிரிண்டருக்கு நேரடியாகக் கட்டளைக் குறியீடு அனுப்புகிறவை. அவை ஈஸி பிரிண்டுக்குள் போனால் ஒன்றுமே வெளியே வராது.

அங்கேதான் சொந்த டிரைவர் வழி வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே டிரைவர், எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். ஓர் இடைவெளி மாறினாலும் பொருந்தாது. சேவரின் குழுக் கொள்கையில் (குரூப் பொலிசி) "ஈஸி பிரிண்டை முதலில் பயன்படுத்து" என்ற அமைப்பை முடக்கினால், சேவர் முதலில் சொந்த டிரைவரைத் தேடும். கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் ஈஸி பிரிண்டுக்கே திரும்பிவிடும். அதனால் வேலை முடிந்தது என்று நம்பி எழும்பிவிடாதீர்கள். ரிமோட் டெஸ்க்டொப் அமர்வுக்குள் பிரிண்டரின் பண்புகளைத் திறந்து, டிரைவர் என்ற இடத்தில் யாருடைய பெயர் நிற்கிறது என்று பாருங்கள். எந்த டிரைவரும் சரிவராவிட்டால் சேவரின் நிகழ்வுப் பதிவில் 1111 என்ற எண் விழும். பொருந்தாத டிரைவரின் முழுப்பெயரையும் அது சொல்லும், அந்தப் பெயரைப் பார்த்து டிரைவரைத் தேடலாம்.

இந்த வழியின் ஆபத்து வேறு. ஒரு கிளையின் மோசமான டிரைவர் சேவரின் ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் சேவை) சாய்த்தால் எல்லாக் கிளைக்கும் பில் நிற்கும். 2008 ஆர்2 முதல் டிரைவரைத் தனிப்படுத்தி ஓடவிடலாம், அதைச் செய்துவிடுங்கள். 2021 ஜூலையில் ஸ்பூலரில் இருந்த பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது சேவர்களில் ஸ்பூலரையே நிறுத்திவிட்டவர்கள் பலர். திரும்பத் திறக்க மறந்த சேவரில் எந்த வழியும் வேலை செய்யாது. அந்த ஓகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு டிரைவர் ஏற்ற நிர்வாகி அனுமதியும் வேண்டும்.

வேகத்துக்காக வெறும் எழுத்து மட்டும் அடிக்கும் பொது டிரைவரைப் போடலாம் என்பார்கள். உண்மைதான், பறக்கும். ஆனால் பிரிண்டரின் சொந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. "சீமெந்து 50 கிலோ" என்று தமிழில் வேண்டுமென்றால் படமாகத்தான் அடிக்க வேண்டும், வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நம்மூர் முதலாளிமார் இரண்டையும் கேட்பார்கள்!

மூன்றாவது, பிரிண்டரை ரிமோட் டெஸ்க்டொப்பில் இருந்தே பிரித்துவிடுவது. கிளைக்கும் சேவருக்கும் நடுவில் விபிஎன் (இணையத்துக்குள் ஒரு தனிப் பாதை) போட்டு, பிரிண்டருக்குத் தனி ஐபி முகவரி கொடுத்து, சேவர் நேரே பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு அனுப்புவது. நுழையும்போது மாறும் அமர்வு எண், டிரைவரின் பெயர்ப் பொருத்தம் என்ற தலையிடியே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் நெட்வேர்க் வசதியுள்ள பிரிண்டர் வேண்டும். கறண்ட் போய் வந்ததும் றூட்டர் வேறு ஐபி கொடுத்துவிடும், ஆகவே அதை நிலையாகக் கட்டி வையுங்கள். 4ஜி றூட்டர் உள்ள கிளையில் வெளியில் இருந்து உள்ளே வர வழி கிடைப்பது அரிது, அதனால் விபிஎன் கிளைப் பக்கத்தில் இருந்து தொடங்கட்டும். 9100 ஐயோ ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டையோ இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக: பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கிளையில் அடிப்பது பழுது திருத்தும்வரை கைகொடுக்கும், நாளுக்கு நூறு பில் என்றால் பெடியன் ஓடிவிடுவான். காசு கொடுத்து வாங்கும் தின்பிரிண்ட் போன்ற அச்சு மென்பொருள்கள் தரவைச் சுருக்கி அனுப்பும், மெதுவான இணைப்பில் நல்லது. இரண்டே கிளை உள்ள கடைக்கு அந்தச் செலவு எதற்கு?

சரி, நெல்லியடியில் என்ன? கிளைக் கணினியில் நேரே ஒரு பரீட்சைத் தாள் அடிக்கச் சொன்னேன், வந்தது. இணைப்புச் சாளரத்தின் லோக்கல் ரிசோர்ஸஸ் பகுதியில் பிரிண்டர் என்ற இடத்தில் சரி அடையாளம் இருந்தது. அமர்வுக்குள்ளும் பிரிண்டர் தெரிந்தது, ஆனால் பெயரின் பின்னால் "ரீடிரெக்டட் 5". பில் மென்பொருள் நேற்றைய "ரீடிரெக்டட் 2" ஐத் தேடிக்கொண்டிருந்தது. அந்த எண் அமர்வின் எண், நுழையும்போது மாறும். மென்பொருளில் பெயரைக் குறிப்பிடாமல் இயல்புநிலைப் பிரிண்டர் என்று மாற்றினேன். கிளையின் இயல்புநிலைப் பிரிண்டரை மட்டும் அனுப்பும் கொள்கையையும் சேவரில் போட்டேன். கிளைக் கணினியில், இயல்புநிலைப் பிரிண்டரை வின்டோஸ் தானே மாற்றும் அமைப்பையும் நிறுத்தினேன்.

பில் வந்தது, லாண்ட்மாஸ்டர் வெளிக்கிட்டது. அன்று பின்னேரம் அந்த டொட் மெட்ரிக்ஸை ஈஸி பிரிண்டில் இருந்து சொந்த டிரைவருக்கு மாற்றினேன். சாவகச்சேரிக் கிளையில் இருப்பது லேசர், அதைத் தொடவில்லை.