இன்சுலின் ஏறின குதிரை, குஷிங்ஸ் வந்த குதிரை: எந்த சப்ளிமென்ட் எதுக்கு?

குதிரைக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் (ரத்தத்துல இன்சுலின் ஏறிப்போற கோளாறு) இல்லன்னா குஷிங்ஸ்னு வெட் சொன்னதும் எல்லாரும் முதல்ல தேடுறது சப்ளிமென்ட் டப்பா தான், ஆனா இது ரெண்டும் வேற வேற பிரச்சனை. முதலாவதுல குதிரை பெரும்பாலும் குண்டா இருக்கும், பிடரில கொழுப்பு திரண்டு நிக்கும். குஷிங்ஸ் வயசானதுக்கு வர்றது, பிட்யூட்டரி சுரப்பி அளவில்லாம ஹார்மோன் சுரக்கும், முடி உதிராம நீளமா வளரும், முதுகுச் சதை கரையும். சிலதுக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும், ரெண்டுலயும் இன்சுலின் ஏறினா லாமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள்ள வர்ற வலியுள்ள அழற்சி, வர்ற பயம் உண்டு.

அதிகமா விளம்பரம் பண்றது மெக்னீசியம், குரோமியம் கலவை. இறுகிக் கிடந்த பிடரி இதைக் கொடுத்ததும் இளகிடுச்சுன்னு நிறைய பேர் சொல்வாங்க. ஆனா லாமினைட்டிஸ் வந்த குண்டு குதிரைகள்ல இதைச் சோதிச்ச ஆய்வு 2011ல வந்துச்சு, அதுல எடையும் குறையல, இன்சுலினும் இறங்கல. காய்ஞ்ச புல்லை லேப்ல டெஸ்ட் பண்ணி மெக்னீசியம் குறைவுன்னு தெரிஞ்சா கொடுங்க, இல்லன்னா வேண்டாம். இலவங்கப்பட்டைப் பொடிக்கு இந்த அளவு ஆதாரம்கூட கிடையாது.

குஷிங்ஸுக்கு சேஸ்ட்பெரி மூலிகையா பெர்கோலைடு மாத்திரையான்னு கேட்டா எனக்கு இதுல ரெண்டு பேச்சே இல்ல, மாத்திரை தான். மூலிகைல முடி கொஞ்சம் உதிரலாம், வெளிய பாக்க நல்லா தெரியும், அதுக்குள்ள உள்ள வியாதி முத்திக்கிட்டே போகும், அதான் எனக்கு பயம். மூலிகையை மாத்திரையோட சேர்த்துக் கொடுக்கணும்னாலும் வெட்டைக் கேட்டுக்கோங்க.

யாரும் பெருசா பேசாத சாதா பேலன்சரும் (வைட்டமின், தாது உப்பு சேர்த்த தீவனக் கலவை) வைட்டமின் ஈ-யும் தான் என் கணக்குல முதல் இடம். ஏன்னா இந்தக் குதிரைங்களுக்கு சர்க்கரையும் மாவுச்சத்தும் 10 சதவீதத்துக்குள்ள இருக்கற காய்ஞ்ச புல்லு தான் வேணும், அது கிடைக்கலன்னா தண்ணில ஊறவச்சுக் கொடுக்கறோம், அந்தத் தண்ணி பழுப்பா மாறுதே, சர்க்கரையோட சேர்ந்து தாது உப்பும் அதுலதான் போகுது. மேய்ச்சலும் நிறுத்தியிருப்போம், காய்ஞ்ச புல்லுல வைட்டமின் ஈ ரொம்பக் கம்மி. 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 500லருந்து 1000 யூனிட் வேணும், செயற்கையை விட இயற்கை வடிவம் நல்லா உடம்புல சேரும். பேலன்சர்ல காப்பரும் ஜிங்க்கும் இருக்கான்னு பாருங்க, இரும்பு டானிக் மட்டும் வேணவே வேணாம், புல்லுலயே தாராளமா இருக்கு.

ஒமேகா-3ல ஆளிவிதையை விட பாசிலருந்து எடுக்கற டிஎச்ஏ-ங்கற ஒமேகா-3 வகை மேல், ஆளிவிதைல இருக்கறதை குதிரையோட உடம்பு டிஎச்ஏ-வா மாத்தறது ரொம்பக் கொஞ்சம். ஆனா எண்ணெயா கப் கப்பா ஊத்தினா அதுவே கலோரி, குண்டு குதிரைக்கு ஆகாது. அதே எண்ணெய் இளைச்சுப்போன குஷிங்ஸ் கிழட்டுக் குதிரைக்கு நல்லது, மாவுச்சத்து இல்லாம எடை ஏறும்.

எதை வாங்கினாலும் டப்பாவைத் திருப்பி பின்னாடி படிங்க, மெட்டபாலிக் குதிரைக்குன்னு முன்னாடி பெருசா போட்டுட்டு பின்னாடி மொலாசஸ், அதாவது சர்க்கரைப் பாகு, சேர்த்திருப்பாங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் ஆரம்பிச்சு சில வாரம் கழிச்சு இன்சுலின் ரத்த டெஸ்ட் எடுங்க, நாலையும் சேர்த்துக் கொடுத்தா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.