அபராதமா, வகுப்பா, சிகிச்சையா: மலைப்பாதையில் குடித்து ஓட்டிப் பிடிபட்டால்

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பாயும். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கலாம். முடங்கினால் புத்தாக்கப் பயிற்சிக்கும் போக வேண்டும். இதில் எதுவும் குடியைத் தொடுவதில்லை. பணம் கட்டியவர் அதே பழக்கத்தோடுதான் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

குடியைப் பற்றிய வகுப்பு அப்படியல்ல. கலிபோர்னியாவில் முதல் தடவை சிக்கியவருக்கே மூன்று மாதம், 30 மணி நேரம் கட்டாயம். இங்கே அப்படி ஒன்று நடந்தால் முதலில் சொல்லித்தர வேண்டியது கணக்கு. 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் 140 மில்லிகிராமைத் தாண்டும். மணிக்கு 15 வீதம்தான் இறங்கும். இரவு பத்துக்குக் குடித்துவிட்டு அதிகாலை நாலுக்குக் கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் இறங்கும் டிரைவருக்கு அப்போதும் 50க்கு மேல் இருக்கும். தூக்கமோ டீயோ பச்சைத்தண்ணிக் குளியலோ அதைக் குறைக்காது. ‘குளிருக்கு ஒரு கட்டிங்’ என்பதும் தப்பு: தோலின் ரத்தக்குழாய் விரிந்து உடம்புச் சூடு வெளியேறும்.

ஆனால் காலையில் கை நடுங்குபவருக்கு வகுப்பு போதாது. குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் என்னும் பத்துக் கேள்வியில் 40க்கு 8 வந்தாலே எச்சரிக்கை. 20ஐத் தொட்டால் அடிமைநிலையாக இருக்க வாய்ப்பு அதிகம், மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அப்படிப்பட்டவரைத் திடீரென நிறுத்தச் சொன்னாலோ சிறையில் போட்டாலோ இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் மூளை பாதிக்கும். நடுக்கத்துக்கான மாத்திரையைச் சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் அந்த மாத்திரைகளில் லோராசெபாம் பாதுகாப்பு. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், கலந்தது தெரியாமல் அவர் குடித்தால் உயிரே போகலாம்.

முன்பு வலிப்பு வந்திருந்தால் உள்நோயாளியாகச் சேர்ப்பதே சரி. லேசான நடுக்கம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வெளிநோயாளி சிகிச்சை நல்லது. கோவையில் ஏதோ ஒரு மையத்துக்கு வாராவாரம் வா என்றால், லைசென்ஸும் இல்லாமல் கூலியும் போய், ஒரு மாதத்தில் நின்றுவிடுவார். பஸ்ஸில் எட்டும் அரசு மருத்துவமனையே மேல்.

1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, சிறைக்குப் பதிலாகப் பிணைப்பத்திரம் கேட்டு வக்கீல் மனு போடலாம். தருவது நீதிபதி விருப்பம். அதில் ‘குடிக்கவே கூடாது’ என்பதைவிட ‘சிகிச்சைக்கு வர வேண்டும்’ என்ற நிபந்தனையைக் கேளுங்கள். அப்படியானால் முதல் மாதத்தில் ஒருமுறை சறுக்கிக் குடித்தாலும் அதற்காக மட்டும் அந்த நிபந்தனை முறியாது. மையத்தில் சேர்க்குமுன் மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றைப் பாருங்கள். குடும்பம் சொன்னதற்காக மட்டும் ஒருவரைப் பூட்டி வைக்க 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இடம் தராது. வழி கேட்கப் போதை மீட்பு உதவி எண் 14446க்கு இலவசமாக அழைக்கலாம்.