அறுந்த போல்டுக்கு ஒட்டுத் தலை வைத்த பட்டறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாட்டர் ஸ்கூட்டர், அதாவது தண்ணீர் மேல் பைக் மாதிரி ஓட்டும் வண்டி, வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. படகு இன்ஜினோ, ஜெனரேட்டரோ, பழைய காரோ, எதைக் கொடுத்தாலும் இதே ஆள் இதே வேலையைக் காட்டுவார் என்று இப்போது எனக்குத் தெரியும். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் எந்தப் பாவமும் அறியாதவர்கள்.

வண்டி ஒரு பழைய யமஹா, நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். அத்தானும் நானும் பாதிப் பாதி போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். தொண்டிக்குப் பக்கத்தில் அத்தானுக்குக் கடலை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. லீவு நாளில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போய் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்புவோம். மற்ற நாளெல்லாம் வண்டி எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்கும். "செத்த மீனு மாதிரி நாறுதுடா, வெளிய கொண்டு போயிப் போடு" என்று அப்பத்தா வாரம் ஒருமுறை சொல்வார்கள்.

போன வருடம் ஒருநாள், ஓட்டி முடித்துக் கரையேற்றி சீட்டைத் தூக்கினேன். உள்ளே இருந்து கரும்புகை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, இன்ஜினோடு சேரும் இடத்தில் கடைசி போல்டுக்குக் கீழே மை கொட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு. அடியில் ரெண்டு மூன்று குவளைத் தண்ணீர். அன்றைக்கு வண்டி வேகமும் பிடிக்கவில்லை. எவ்வளவு முறுக்கினாலும் ஏதோ மூச்சு முட்டுகிற மாதிரி இழுத்தது.

மூச்சு முட்டியது நிஜம்தான். பைக்கில் சைலன்ஸர் ஒழுகினால் சத்தம் கூடும், கொஞ்சம் வாடை வரும், அவ்வளவுதான். புகை காற்றோடு போய்விடும். வாட்டர் ஸ்கூட்டரில் இன்ஜின் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய மூடிய ஒரு பெட்டிக்குள். ஒழுகும் புகை அந்தப் பெட்டிக்குள்ளேயே நிறையும், இன்ஜின் அதையே திரும்ப உறிஞ்சும். அதனால்தான் இழுவை போய்விடுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. சீட்டைத் தூக்கி உடனே தலையை உள்ளே விடுபவனுக்கு அது விஷம். அதே பெட்டிக்குள்தான் பெட்ரோல் டேங்கும் இருக்கிறது. இது போதாதென்று, எக்ஸாஸ்ட்டைக் குளிர வைக்க அதைச் சுற்றிக் கடல்நீர் ஓடும். இணைப்பு விட்டுப்போனால் புகையும் வரும், தண்ணீரும் வரும்.

சரி, யாரிடம் காட்டுவது? சென்னை நானூறு கிலோமீட்டர். அத்தான் விசாரித்ததில், காரைக்குடியிலேயே ஒருவர் "போட்டு இன்ஜினெல்லாம் பாப்பாரு" என்று சொன்னார்கள். போனோம். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பேச்சு நல்ல பேச்சு. சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பைக் சைலன்ஸர் மாதிரிதாண்ணே. கேஸ்கெட்டு போயிருச்சு. மாத்தி, ஆறு போல்டும் புதுசாப் போட்டுத் தர்றேன். ரெண்டு நாள் வேலை" என்றார். கேஸ்கெட் என்பது இணைப்பு ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கும் தகடு. எட்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். பைக் மாதிரிதான் என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் கொடுப்பதற்கு முன்னால், ஏதோ ஒரு யோசனையில், மேனிபோல்டை நாலு போட்டோ எடுத்து வைத்தேன். ஆறு போல்டுத் தலையும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

ரெண்டு நாள் நாலு வாரமானது. முதலில் பார்சல் கொச்சியில் நிற்கிறது என்றார். அப்புறம் வேறு சைஸ் வந்துவிட்டது என்றார். அப்புறம் மச்சினனுக்குக் கல்யாணம். ஒருநாள் நானே நேரில் போனபோது வண்டி மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. தூக்கப் போனால், "பெயிண்ட் காயுதுண்ணே, தொடாதீங்க" என்றார். எக்ஸாஸ்ட்டுக்கு எதற்குப் பெயிண்ட் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கடைசியில் கையால் எழுதி முத்திரை குத்திய பில் ஒன்று வந்தது. கேஸ்கெட் 4,200. போல்டு செட் 1,800. கெமிக்கல் வாஷ் 1,500. லேபர் 9,000. வண்டி வாடகை 2,000. மொத்தம் 18,500. பழைய கேஸ்கெட்டையும் போல்டுகளையும் கேட்டேன். "அதெல்லாம் பழைய இரும்புல போட்டாச்சுண்ணே."

ஓட்டிக் காட்டச் சொன்னேன். தோட்டத்துக் குழாயை வண்டியில் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். அப்புறம், ஒரு முனையை வண்டியில் செருகினால்தான் ஸ்டார்ட் ஆகும், மறு முனையை ஓட்டுபவர் கையில் மாட்டும் சுருள் கயிற்றைக் காணோம் என்று ஐந்து நிமிடம் தேடினார். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கயிறு கிடைத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றவிட்டார். ஓட்டை வழியாகத் தண்ணீர் சட்டையில் பீய்ச்சி அடித்தது. "சும்மா ஈரம்ணே" என்றார்.

ஈரம் இல்லை, இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இந்த வண்டிகளில் முதலில் இன்ஜினை ஓட விட வேண்டும், உடனே குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் குழாயை மூடி, வண்டியை லேசாக முறுக்கி உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, பிறகு இன்ஜினை அணைக்க வேண்டும். உள்ளே போகும் தண்ணீரை வெளியே தள்ளுவது எக்ஸாஸ்ட் புகைதான். இன்ஜின் ஓடாமல் குழாயைத் திறந்தால் தண்ணீர் சைலன்ஸர் பெட்டியை நிறைத்து, வந்த வழியே ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். இது தெரியாத ஒருவர் போட்டு இன்ஜின் பார்ப்பவராக இருக்க முடியாது. எனக்கே இதெல்லாம் பிறகுதான் தெரியும் என்பது வேறு விஷயம். தண்ணீரை வடித்து, பிளக்கைத் துடைத்துப் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. பாக்கியை ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொண்டி. பாக் விரிகுடா அந்தப் பக்கம் ஆழமில்லாத, அலையில்லாத கடல். அன்றைக்கு அதுதான் எங்களைக் காப்பாற்றியது. பதினைந்து நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. கரையிலிருந்து முந்நூறு மீட்டர் இருக்கும், அதே வாடை. முறுக்கினால் இழுவை இல்லை. பின்பக்கம் தாழ ஆரம்பித்தது. அணைத்துவிட்டு சீட்டைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு புகை போகும்வரை காத்திருந்து பார்த்தால், உள்ளே முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர். பின்னால் உட்கார்ந்திருந்த அத்தான் மகனுக்குப் பன்னிரண்டு வயது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். என்றாலும் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வலை எடுத்துத் திரும்பிய ஒரு நாட்டுப் படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். காசு கொடுத்ததற்கு வாங்கவில்லை. "கடலுக்கு வர்றதுக்கு முன்னாடி கரையோரமாவே கொஞ்ச நேரம் ஓட்டிப் பாக்குறதில்லையா அப்பு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதே கோபத்தோடு தேவகோட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். அறுபது வயது தாண்டிய பெரியவர். வாட்டர் ஸ்கூட்டரை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டார். "வண்டி எனக்குத் தெரியாது தம்பி. போல்டு தெரியும்." டார்ச்சை அடித்து ஒவ்வொரு தலையையும் நகத்தால் சுரண்டினார். புதுக் கறுப்புப் பெயிண்ட் உரிந்தது. ஐந்து தலைகளில் ஒரே மாதிரி முத்திரை. கடைசித் தலையில் மட்டும் 8.8 என்று பொறித்திருந்தது. சாதாரண இரும்பு போல்டில் வரும் எண் அது. ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை அவர். இரண்டு விரலால் பிடித்து அசைத்தார், சோடா மூடி மாதிரி தலை கையோடு வந்துவிட்டது.

கீழே எம்-சீல். போல்டே கிடையாது. எங்கிருந்தோ ஒரு போல்டின் தலையை மட்டும் ஹாக்ஸாவால் அறுத்து, எம்-சீலில் பதித்து, பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். எம்-சீல் தண்ணீர்த் தொட்டி ஓட்டைக்கு நல்ல சரக்குதான். எக்ஸாஸ்ட் சூட்டுக்கும் அதிர்வுக்கும் அது எத்தனை நிமிடம் தாங்கும் என்பதற்கு எங்கள் பதினைந்து நிமிடம் கணக்கு. அதைச் சுரண்டினால் உள்ளே அறுந்த போல்டு. அதன் நடுவில் ஒடிந்த ஈஸி அவுட் முனை வேறு. அறுந்த போல்டில் ஓட்டை போட்டு, எதிர்த்திசையில் திருகி எடுக்கும் கம்பி அது. உருக்கை இறுக்கிச் செய்தது, டிரில் பிட் அதைக் கடிக்காது. மேனிபோல்டைக் கழற்றியபோது மிச்சமும் தெரிந்தது. புதுசு என்று 4,200 வாங்கிய கேஸ்கெட், எங்கள் பழைய கேஸ்கெட்டேதான். இரண்டு பக்கமும் சிவப்பு சிலிகான் தடவி வைத்திருந்தார். மற்ற ஐந்து போல்டும் பழசு.

எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன மாமா ஒருவர் இருக்கிறார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பைப் பற்றி இத்தனை காலமாக ஆராய்ச்சி செய்கிற இடம், நம் ஊரிலேயே இருக்கிறது. நான்தான் பைக் மெக்கானிக்கிடம் போனேன். மாமா அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இன்ஜின் பாடி அலுமினியம், போல்டு ஸ்டெயின்லெஸ். ரெண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம் கரையும். இரும்புத் துரு மாதிரி சிவப்பாக இருக்காது, வெள்ளை மாவு மாதிரி இருக்கும். அந்த மாவு ஊதி மரையில் போய் அடைத்துக்கொள்ளும், போல்டு உள்ளேயே இறுகிவிடும். "முறுக்கினா அறுந்துதாண்டா போகும். நம்மூரு சம்பை ஊத்து நல்ல தண்ணியிலேயே கழுவியிருந்தாலும், மரைக்குள்ள போன உப்பு வெளிய வராது. மாட்டும்போதே மரையில ஆன்டி சீஸ், அதான் போல்டு இறுகாம இருக்கப் போடுற பசை, தடவணும்."

ஆக, போல்டு அறுந்தது அந்த மெக்கானிக்கின் குற்றமில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். யார் கை வைத்திருந்தாலும் அறுந்திருக்கலாம். "அண்ணே, அறுந்துருச்சு, என்னால முடியல" என்று ஒரு போன் போட்டிருந்தால், கூலியைக் கொடுத்துவிட்டு வேறு ஆளைப் பார்த்திருப்பேன். தலையை அறுத்து ஒட்ட உட்கார்ந்தாரே, அந்த நேரத்தில் கடலுக்குள் போகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா?

பெரியவர் எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். மூன்று நாள் காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் விட்டார். ஈஸி அவுட் முனையைக் கார்பைடு பிட்டால் பொறுமையாகப் பொடித்தார். பிறகு அறுந்த முனை மேல் வெல்டிங்கால் கொஞ்சம் கொஞ்சமாக மேடு கட்டி, அதன் தலையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். சூடு ஆறியதும் திருகினார். முதல் நட்டு பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவது நட்டைப் போட்டு, முன்னும் பின்னும் ஒரு நூல், ஒரு நூலாக அசைத்தபோது 'கிரீச்' என்றது. பட்டறையில் இருந்த எல்லாரும் எழுந்து வந்துவிட்டோம். போல்டு வெள்ளை மாவைச் சுமந்துகொண்டு வெளியே வந்தது. உள்ளே மரை பாதி போயிருந்தது. ஹெலிகாயில் என்ற சுருள் கம்பியை ஓட்டைக்குள் போட்டுப் புது மரை செய்தார். கேஸ்கெட்டை நாங்களே சென்னையிலிருந்து வரவழைத்தோம், 2,900 ரூபாய். பெரியவர் கேட்ட கூலி 3,500.

ஒட்டுத் தலையை எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். முதலில் "நான் உடைக்கலண்ணே, வரும்போதே உடைஞ்சிருந்துச்சு" என்றார். போட்டோவைக் காட்டினேன். "ஓடத்தானே செஞ்சுச்சு?" என்றார். மேஜை மேல் அந்தத் தலையை வைத்ததும் பேச்சு நின்றது. நாலாயிரம் அங்கேயே ஜிபேயில் போட்டார். மீதி தீபாவளிக்கு அப்புறம் என்றார். தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. இப்போது போனை எடுப்பதில்லை.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்கிறார்கள். கையெழுத்து பில்லாக இருந்தாலும் வாங்கி வைத்ததும், கொடுப்பதற்கு முன் எடுத்த போட்டோவும்தான் இப்போது என் கையில் இருக்கும் சாட்சி. வேலைக்குக் கொடுக்கும் அன்றைக்கே "கழற்றிய சாமான் அத்தனையும் எனக்கு வேண்டும்" என்று பில் புத்தகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் இறக்குவதற்கு முன் சீட்டைத் தூக்கிப் பத்து நிமிடம் காற்றாட விடுகிறேன், முதல் கால் மணி நேரம் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டுவதில்லை. அத்தான் மகன் இன்னும் ஏற மாட்டேன் என்கிறான்.