25 கிலோ என்று விற்ற டென்ட், தராசில் 14 கிலோ: சந்தையில் கடை போடுகிறவர்கள் கவனத்துக்கு

வாரச் சந்தை, கண்காட்சி, கோயில் விசேஷம் என்று மடக்கு டென்ட் விரித்து வியாபாரம் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் படியுங்கள். எங்களுக்கு 11,500 ரூபாய் போனது. அதைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்வோம். பக்கத்துக் கடையில் கீரை விற்கும் பாட்டிக்கு முழங்கையில் ஐந்து தையல் போட வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம். நானும் என் கணவரும் ராகி, கம்பு, சாமை மாவு வகைகளும் முறுக்கு, தட்டுவடையும் செய்து சந்தைகளில் விற்கிறோம். மூன்று வருடம் தார்ப்பாயும் நாலு மூங்கிலும் வைத்து ஓட்டினோம். கட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். மடக்கு டென்ட் என்றால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் வாங்கினோம்.

கோவையில் டென்ட், பெரிய குடை, விளம்பரப் பந்தல் எல்லாம் விற்கிற ஒரு கடை. வழக்கு போட்டிருப்பதால் பெயர் சொல்லவில்லை. கடை வாசலில் 10க்கு 10 அடி டென்ட் ஒன்றை விரித்து நிறுத்தியிருந்தார்கள். காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை. விற்கிற தம்பி சொன்னார்: "அக்கா, இது 22 கேஜ் பைப்புங்க. மத்த கடைல எல்லாம் 18தான் குடுப்பாங்க. மொத்தம் 25 கிலோ வரும். ஆடிக் காத்துக்கே அசையாதுங்க." எண் பெரிதாக இருந்தால் பொருளும் கனமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இரும்பு பைப்பில் கேஜ் என்பது தலைகீழ்க் கணக்கு. எண் கூடக் கூடத் தகடு மெலிந்துகொண்டே போகும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். 20 கேஜ் 0.9. 22 கேஜ் வெறும் 0.7தான். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறை அண்ணன். சொன்னபோது டென்ட் ஏற்கெனவே உடைந்து அவர் பட்டறை வாசலில் கிடந்தது. 22 கேஜ் உசத்தி என்று யாராவது சொன்னால் அவருக்கு விவரம் தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இரண்டில் எதுவாக இருந்தாலும் அங்கே வாங்காதீர்கள்.

பணம் கட்டினோம். "குடோன்ல இருந்து புதுசு அனுப்பறோம்ங்க" என்று பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டார்கள். பார்சல் ஆபீஸிலிருந்து என் கணவர் ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கும்போதே, "என்னம்மா, லேசா இருக்குதே" என்றார். மாவு மூட்டை போடுகிற தராசு வீட்டிலேயே இருக்கிறது. வருடா வருடம் முத்திரை வாங்குகிற தராசு. பையோடு தூக்கி வைத்தோம். 14 கிலோ 300 கிராம். பக்கத் துணிகள், ஆணி, கயிறு, பை எல்லாம் சேர்த்துத்தான் இந்த எடை.

உடனே போன் போட்டேன். "அது புது மாடல்ங்க அக்கா, அலுமினியம். அதான் எடை கம்மி" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பழனி முருகன் காந்தத்தை எடுத்து வந்து காலில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. மறுபடி கூப்பிட்டுச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "இப்ப சீசன்ங்க, ஸ்டாக் இல்லைங்க. ஆடி முடியட்டும், மாத்திக் குடுக்கறேன்." பில்லை எடுத்துப் பார்த்தேன். 'டென்ட் 1, ரூ.11,500' என்று ஒரே வரி. பைப் கனம், எடை, துணி ரகம் எதுவுமே இல்லை. நாங்கள் வாங்கியது 25 கிலோ டென்ட் என்று சொல்ல அந்தக் காகிதத்தில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

அடுத்த ஞாயிறு சந்தைக்கு இடவாடகை கட்டியாகிவிட்டது. மாற்றித் தருகிறவரை இதையே பயன்படுத்தலாம் என்று எடுத்துப் போனோம். நாங்கள் செய்த தப்பு அது. எடை குறைவு என்று தெரிந்த அன்றைக்கே அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல் மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வரும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்கு வெறும் பழமொழி இல்லை. 

அன்று காலை பதினொரு மணி வரைக்கும் துணி லேசாகப் படபடத்ததோடு சரி. பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் துணிச் சுவர் கட்டியிருந்தோம். காற்றை மறைக்கத்தான் என்று சொல்லிக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது. தார் போட்ட இடம் என்பதால் ஆணி அடிக்க வழியில்லை. காலுக்கு ஒன்று என்று ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் நாலு கட்டியிருந்தோம். இரண்டு மணி சுமாருக்கு ஒரு காற்று வந்தது. மூன்று பக்கமும் அடைத்து ஒரு பக்கம் திறந்திருந்த டென்ட் கப்பல் பாய் போல உப்பியது. பின்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. என் கணவர் ஒரு காலைப் பிடித்துத் தொங்கினார். மேலே மூலையில் பட்டென்று ஒரு சத்தம். கம்பிகளைச் சேர்க்கிற பிளாஸ்டிக் கட்டை உடைந்து, அந்தப் பக்கத்துக் கால் தனியாகக் கழன்று சுழன்று போய்ப் பாட்டியின் கை மேல் விழுந்தது.

பாட்டி கத்தவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "அம்மிணி, உன் மாவெல்லாம் போகுது பாரு" என்றார். நான் மாவைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்து ரத்தம் முந்தானையில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுத் திரும்பி வந்தால் நல்ல தூறல். கூரைத் துணி பாதி நின்றிருந்த இடத்திலும் தையல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஊசி போன ஓட்டைகளை உள்பக்கம் பட்டை ஒட்டி மூடவே இல்லை. ராகி மாவும் கம்பு மாவுமாகப் பன்னிரண்டு கிலோ கட்டி தட்டிப் போனது.

உடைந்த பிளாஸ்டிக் கட்டையை எடுத்து வந்தேன். இப்போதும் என்னிடம் இருக்கிறது. வெளியே கருப்பாகப் பளபளவென்று கெட்டியாகத் தெரியும். உடைந்த முகத்தைப் பார்த்தால் உள்ளே கூடு. போல்ட் போகிற ஓட்டையைச் சுற்றி விரல் நகம் அளவுக்குக்கூடக் கனம் கிடையாது. ஒன்பது சதுர மீட்டர் துணியின் இழுப்பு முழுவதையும் தாங்க வேண்டிய இடம் அது.

அந்த இழுப்பு எவ்வளவு என்று என் அண்ணன் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். இன்ஜினியரிங் படிக்கிறவன். 10க்கு 10 அடிக் கூரை கிட்டத்தட்ட ஒன்பது சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதற்கு அடியில் புகுந்து நேராகத் தூக்கினால் சுமார் 70 கிலோ விசை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். நாங்கள் கட்டியிருந்தது மொத்தம் 20 கிலோ, டென்டே 14 கிலோ. பறக்காமல் என்ன செய்யும்? நல்ல டென்டாக இருந்தாலும் அந்தப் பாரத்துக்கு எழும்பியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மூலை உடைந்து கால் கழன்று ஓர் ஆள் மேல் போய் விழுந்திருக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கடையில் சொன்ன பதில்: "காத்துக்கெல்லாம் வாரண்டி இல்லைங்க." எடை விஷயத்தைக் கேட்டால், "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாதுங்க" என்றார். இதைக் கேட்டுத்தான் நிறையப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். நாங்களும் வந்திருப்போம். விசாரித்துப் பார்த்ததில் அவர் சொன்னது தப்பு. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருப்பது உண்மை. ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நம்மைப் போலச் சந்தையில் தானே நின்று விற்கிறவர்களுக்கு இது பெரிய பிடிமானம்.

1915க்குக் கூப்பிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையம். முதலில் அங்கே புகார் பதிந்தோம், கடையிலிருந்து பதிலே இல்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் கையில் இருந்தது தராசில் வைத்து எடுத்த போட்டோ, காந்தம் ஒட்டும் வீடியோ, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் '25 கேஜி ஹெவி டியூட்டி' என்று அனுப்பியிருந்த ஒரு வரி. அந்த ஒரு வரிதான் இப்போது எங்களுக்குப் பெரிய சாட்சி. வாயால் சொல்வதை எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒருமுறை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது டென்டை வேறு கடையில் வாங்கினோம். 17,800 ரூபாய். காட்டியதையே மடக்கிக் கட்டித் தரச் சொன்னோம். கடையிலேயே தராசில் வைத்தோம், துணிச் சுவர் இல்லாமல் 31 கிலோ. கால் 40 மில்லிமீட்டர், தகடு 1.2 மில்லிமீட்டர், கூரைத் துணி 600 டெனியர் (டெனியர் என்பது துணி நூலின் கனத்தைச் சொல்கிற அளவு), மொத்த எடை எல்லாவற்றையும் ஜி.எஸ்.டி. பில்லிலேயே எழுதி வாங்கினோம். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம் என்று முடிவு செய்துதான் போனோம். அந்தக் கடைக்காரர் தயங்கவில்லை. பைப்பின் அடி மூடியைக் கழற்றித் தகட்டுக் கனத்தைக் காட்டினார். கூரைத் துணியைக் கவிழ்த்துப் போட்டு, தையல் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி விரலால் தேய்த்துப் பார்த்தேன். மறுபக்கம் ஈரம் வரவில்லை. மூலைக் கட்டைகள் எப்படி என்றுதான் அதிக நேரம் பார்த்தோம். இதில் முக்கியமான நாலு மூலையிலும் உலோகம். குறுக்குக் கம்பிக்கட்டை ஒன்று உடைந்தால் தனியாக வாங்கலாமா என்று கேட்டோம், உதிரி எடுத்தே காட்டினார்.

பாரத்துக்கு 10 லிட்டர் பெயின்ட் வாளி நாலில் கான்கிரீட் ஊற்றி நடுவில் கம்பிக் கொக்கி வைத்துக்கொண்டோம். ஒன்று சுமார் 24 கிலோ. காலின் அடியில் மட்டும் கட்டாமல், மேல் மூலையிலிருந்து பட்டைக் கயிறு நேராக இறக்கி வாளியோடு இழுத்துக் கட்டுகிறோம். காற்று நாளில் துணிச் சுவர் போடுவதே இல்லை. மழை பெய்தால் கூரைத் துணி எங்காவது தொய்கிறதா என்று அடிக்கடி பார்த்து உள்ளிருந்து தள்ளிவிடுகிறோம். பத்து மில்லிமீட்டர் மழை பெய்தாலே அந்தக் கூரை மேல் விழுவது 90 லிட்டர் தண்ணீர். தேங்கினால் எந்தக் கம்பியும் வளையும். முகாம் போடுகிறவர்கள் மண் தரையில் ஆணி அடிக்கலாம், அவர்களுக்கு இந்த வாளி வேண்டாம். ஆனால் ராத்திரி இதற்கு அடியில் படுத்துத் தூங்காதீர்கள். காற்று ஏறுவது தூக்கத்தில் தெரியாது. கால் நடுங்க ஆரம்பித்தால் நாங்கள் வியாபாரம் பார்ப்பதில்லை, உடனே இறக்கி மடக்கிவிடுகிறோம்.

பாட்டிக்குத் தையல் பிரித்தாயிற்று, கை இன்னும் முழுதாக நீட்ட வரவில்லை. வாரா வாரம் அவர் கீரைக் கூடையை என் கணவர்தான் இறக்கி வைக்கிறார். வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. பொள்ளாச்சி, உடுமலை, கிணத்துக்கடவு பக்கம் யாராவது புதிதாக டென்ட் வாங்கியிருந்து எடையில் சந்தேகம் இருந்தால், ஞாயிறு காலை ஏழு மணிக்குள் சந்தைக்குக் கொண்டு வாருங்கள். கடை விரிக்கும் முன்னால் எங்கள் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம்.