பெடல் ரிக்கில் ஒரு லீனியர் மோட்டார்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

கோவை கணபதியில் சின்னப் பட்டறை எனக்கு. வண்டிப் பெடலை லட்சம் முறை அமுக்கினாலும் தாங்குமா என்று சோதிக்கும் ரிக் செய்து கொடுக்கிறேன். இத்தனை வருஷமும் அழுத்தக் காற்றில் ஓடும் நியூமேடிக் சிலிண்டர்தான். அதற்குத் தெரிந்தது இரண்டே இடம்: இந்தக் கோடி, அந்தக் கோடி. ராத்திரி முழுக்க கம்ப்ரஸர் சத்தம் வேறு.

போன தை மாதம் குழாய் வடிவ ஸ்மார்ட் லீனியர் மோட்டார் ஒன்று வாங்கினேன். சுற்றாமல், நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகரும் மோட்டார் இது. காந்தம் அடுக்கிய தண்டு உள்ளே, காயில் வெளியே. ஸ்க்ரூ, பெல்ட் எதுவும் கிடையாது; அதனால் பேக்லாஷும் (திசை மாறும்போது வரும் ஆட்டம்) கிடையாது. மோட்டாரை இயக்கும் டிரைவும், தண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பொசிஷன் சென்சாரும் உடம்புக்குள்ளேயே இருப்பதால் 'ஸ்மார்ட்' என்கிறார்கள்.

150 நியூட்டனில் அமுக்கு என்றால் அமுக்குகிறது. பெடல் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்றும் அதுவே சொல்கிறது. ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதை கிராஃபில் பார்க்கலாம். முன்பு உடைந்த பிறகுதான் தெரியும். மோட்டார் விசையை நேரடியாக அளக்காமல் காயில் கரண்ட்டை வைத்துக் கணக்கிடுவதால், ரிப்போர்ட்டுக்கு மட்டும் விசையை அளக்கும் லோடு செல் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன்.

முதல் வாரம் அழாத குறை. வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கும்போதெல்லாம் பவர் சப்ளை டிரிப். நிற்கிற நொடியில் மோட்டாரே ஜெனரேட்டராகி, மின்சாரத்தைத் திருப்பி அனுப்பி வோல்டேஜை ஏற்றிவிடுகிறது. விற்றவர் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் போட்ட பிறகு சரியானது.

பாரத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க இதை வாங்காதீர்கள். கரண்ட் போனால் தண்டு தொப்பென்று விழும். கரண்ட் இருந்தாலும் கொதிக்கும்: விசை இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு. லேத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். இரும்புத்தூள் முழுக்கத் தண்டில் ஒட்டிக்கொள்ளும். துடைத்தே நேரம் போகும்.

நடுவில் ஒரு கல்லூரி சிவில் பசங்க ஒரு வாரம் கடன் வாங்கிப் போனார்கள். நகரும் மேசையில் மாட்டி, கலிஃபோர்னியாவின் 1940 எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவைச் சுருக்கி ஓட்டினார்கள். அலுமினியப் பட்டையில் கட்டிய மூன்று மாடி மாதிரிக் கட்டடம் நெளிந்த நெளிவைப் பார்க்க வேண்டுமே! என் பெடலைவிட அதற்குத்தான் இது பொருத்தமோ என்று தோன்றியது.

விலை? அந்தக் காசுக்குச் சிலிண்டர் அரை டஜன் வரும். ஆனாலும் இரண்டாவதுக்குச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை ரெசிஸ்டரையும் சேர்த்துக் கொட்டேஷன் கேட்டு.