கோத்தகிரியில் இன்னோவாவுக்கு ட்ரெய்லர் கொக்கி போட்ட பட்டறை: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் சேர்ந்து சமையல் ஆர்டர் எடுக்கிறார்கள். சீமந்தம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, எல்லாம் நூற்றைம்பது பேருக்குள். வண்டி 2012 இன்னோவா, 2.5 டீசல். ஆட்கள் ஏறினால் அண்டா ஏறாது, அண்டா ஏறினால் ஆட்களுக்கு இடம் இல்லை. பின்சீட்டை மடக்கிப் பாத்திரங்களை அடுக்கிவிட்டு அம்மாவை பஸ்ஸில் வரச் சொன்ன நாட்கள் உண்டு. போன ஐப்பசியில் ஒருநாள், விடியற்காலை நாலரை மணிக்கு, அடிக்கிற சாரலில் கையில் கரண்டிப் பையோடு அவர் பஸ் ஸ்டாண்டில் நின்றதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஒரு சின்ன ட்ரெய்லர் வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ட்ரெய்லர் கோவையில் கிடைத்தது. ஒற்றை அச்சு, காலியாக 160 கிலோ, முறையான பதிவோடு. இந்தப் பதிவு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் கேட்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது தெரியவில்லை: மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதற்குள் ட்ரெய்லரும் அடக்கம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். வெல்டிங் பட்டறையில் நாலு ஆங்கிளை ஒட்டிச் சக்கரம் மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வர முடியாது. வண்டியில் மாற்றம் செய்வதற்கும் அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது. ஊட்டி ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்கினேன். நீங்களும் உங்கள் வண்டியின் ஆர்சியை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கொக்கி கதைக்கு வருகிறேன். முதலில் சமவெளியில் ஒரு அக்சசரி கடையில்தான் மாட்டினேன். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, ஒன்பதாயிரம் ரூபாய், பளபளவென்று கறுப்புப் பெயின்ட், ட்ரெய்லர் வந்து உட்காரும் குரோம் குண்டு. மூன்றாவது வாரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பாத்திரம்தான் உருளுகிறது என்று நினைத்தேன். காலி ட்ரெய்லரிலும் அதே சத்தம் வந்ததும் படுத்துக்கொண்டு பார்த்தேன். பம்பருக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய தகட்டில் இரண்டே இரண்டு போல்ட். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை மாதிரி நீண்டிருந்தது, அதன் ஓரத்திலிருந்து மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் ஓடி, அதிலிருந்து துரு கசிந்து தகட்டில் கோடு போட்டிருந்தது. இதை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறியிருக்கிறோம், வண்டிக்குள் அம்மா, சித்தி, தங்கையின் குழந்தை எல்லோரும் இருந்தார்கள். பின்னால் வருகிற பைக்காரர் மேல் அந்த ட்ரெய்லர் அவிழ்ந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

அப்புறம்தான் இந்தப் பட்டறை. கோத்தகிரியில் டானிங்டனிலிருந்து கொஞ்சம் இறங்கினால் இடது பக்கம், தகரக் கூரை, பெயர்ப்பலகை கிடையாது. பிக்கப்புகளுக்குப் பாடி கட்டுவதும் தேயிலைத் தோட்டத்து டிராக்டர்களுக்கு ட்ரெய்லர் வேலை பார்ப்பதும்தான் அவர்களுக்குப் பிரதானம். காய்கறி லோடு வண்டி டிரைவர் ஒருவர் சொல்லித்தான் போனேன். பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. வண்டியை நிறுத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. “ஸ்டெப்னி இறக்குற கம்பி வண்டில இருக்குதா கண்ணு?” என்றார்.

இன்னோவாவில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிறது. பின்னால் ஒரு துளை வழியாகக் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் சங்கிலியோடு கீழே இறங்கும். கொக்கியின் குறுக்குக் குழாய் அந்த வழியை அடைத்துவிட்டால், நடுராத்திரியில் பஞ்சர் ஆகும்போது ஸ்டெப்னி இருந்தும் இல்லாத கதைதான். முதல் கடையில் மாட்டியதில் அப்படித்தான் அடைத்திருந்தது, நான் கவனிக்கவே இல்லை. அவர் கம்பியை விட்டுப் பார்த்து, அது முட்டுகிற இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுத்தான் டேப்பை எடுத்தார்.

வெல்டிங் வைத்தால் சீக்கிரம் முடியாதா என்று கேட்டேன். “சேஸிஸ்ல வெல்டிங் வெக்க மாட்டனுங்க கண்ணு. சூடு பட்ட எடத்துக்குப் பக்கத்துலதான் நாளைக்கு ஒடையும். போல்ட்டுன்னா நீங்களே குனிஞ்சு பாத்து இறுக்கிக்கலாம்” என்றார். அதுதான் சரி என்று இப்போது அழுத்திச் சொல்வேன். இன்னோவாவுக்கு, 2016-இல் வந்த கிரிஸ்டாவுக்கும் சேர்த்து, அடியில் லாரி போலத் தனிச் சேஸிஸ் உண்டு. இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற அந்தக் கனத்த சட்டத்தில் பிடிமானம் எடுத்தால் இழுவை முழுவதும் அதற்குப் போய்விடும். எர்டிகாவுக்கோ அடுத்து வந்த இன்னோவா ஹைகிராஸுக்கோ அப்படித் தனிச் சேஸிஸ் இல்லை, உடம்பும் சட்டமும் ஒன்றுதான். அந்த வண்டிகளுக்கு இவர் செய்து தருவதில்லை, அந்த மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்த கொக்கி கிடைத்தால் மட்டும் கொண்டுவரச் சொல்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா பையன் சியன்னா மினிவேன் வைத்திருக்கிறான். அங்கே அதற்கென்று தயாராகக் கொக்கி விற்கிறது, கம்பெனி விட்டிருக்கும் துளைகளிலேயே போல்ட் போட்டு வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டானாம், எத்தனை எடை இழுக்கலாம் என்பது கையேட்டிலேயே இருக்கிறதாம். 2012 இன்னோவாவுக்கு நான் தேடிய இடங்களில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை, அதனால்தான் பட்டறைக்காரரின் கையையும் கண்ணையும் நம்ப வேண்டியிருக்கிறது.

வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து, சேஸிஸ் ஓரத்தில் வைத்து அழுத்தி, துளைகள் வரும் இடத்தைக் கட்டைவிரலால் பதித்து அச்சு எடுத்தார். அந்த அட்டையை வைத்து 8 மி.மீ. பிளேட்டில் இரண்டு பக்கமும் வெட்டினார். குறுக்கே கனமான சதுரக் குழாய். பிளேட்டையும் குழாயையும் தனியாக மேசையில் வைத்து வெல்டிங் செய்துகொண்டார், வண்டிக்கு அடியில் ஒரு பொறிகூட விழவில்லை. பக்கத்துக்கு நாலு போல்ட், 12 மி.மீ., தலையில் 8.8 என்று பலத்தின் தரம் பொறித்தது. அந்த எண் இல்லாத போல்ட்டை இழுவைக்குப் போடவே கூடாது என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். ஏற்கெனவே துளை இருந்த இடத்தில் அதையே எடுத்துக்கொண்டார். புதிதாகப் போட்டதைச் சேஸிஸின் பக்கச் சுவரில் மட்டும் போட்டார், மேல், கீழ் பட்டைகளைத் தொடவில்லை, பளுவைத் தாங்குவது அவைதான் என்பதால்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். சேஸிஸ் உள்ளே கூடு. வெளியிலிருந்து போல்ட்டை முறுக்கினால் இரண்டு சுவரும் உள்ளே அமுங்கும், அமுங்கினால் நாளடைவில் போல்ட் தளரும். அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சேஸிஸ் அகலத்துக்குச் சரியாக ஒரு குழாய்த் துண்டு அறுத்து, உள்ளே செருகி, அதற்குள் போல்ட்டை விட்டார். எட்டுத் துண்டையும் அரம் போட்டு மட்டம் பார்த்து வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். மாட்டிவிட்டால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாத வேலை. கிரைண்டர் வைத்த இடங்களில் எல்லாம் உடனே பிரைமர் அடித்தார், நம் ஊர் மஞ்சில் ஒரு ராத்திரி விட்டால் இரும்பு சிவந்துவிடும்.

குண்டு 50 மி.மீ., என் ட்ரெய்லரின் மூக்குக்கு, அதாவது குண்டின் மேல் கவிழ்ந்து உட்காரும் முன்முனைக்கு, அதுதான் சேரும். வாங்கும்போது இந்த அளவைப் பார்த்துவிடுங்கள், அரைகுறையாக உட்காரும் மூக்கு மேடு பள்ளத்தில் எகிறிவிடும். குண்டு இருக்கும் கழுத்துப் பகுதி பின் போட்டுக் கழற்றும் மாதிரி. ட்ரெய்லர் இல்லாத நாளில் கழற்றி, சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டுவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடக்கிறவர் முழங்கால் பெயரும். சேஃப்டி சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டச் சொல்லித் தந்தார். மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

வயரிங் அவருடைய மகன் செய்தார். ஏழு பின் சாக்கெட், மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், வெள்ளை எர்த். இங்கேதான் எனக்கு ஒரு குறை. சாக்கெட்டை மிகவும் தாழ்வாக வைத்துவிட்டார். இரண்டாவது மாதத்தில் பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லரில் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. எர்த் சரியில்லாவிட்டால் அப்படித்தான் காட்டும். சாக்கெட்டைத் திறந்தால் உள்ளே செம்மண் சேறு, வெள்ளை வயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. கொண்டுபோனதும் காசு வாங்காமல் மேலே ஏற்றி, மூடி போட்ட சாக்கெட்டாக மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் மஞ்சும் மழையும் உள்ள ஊரில் முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் என்றவர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். நடுவில் ஒருநாள் கரண்ட் இல்லை, ஒருநாள் லோடு வண்டி ஒன்றின் அவசர வேலை. ஆர்டர் தேதியை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு வாரம் விட்டுக் கொடுங்கள். பில் கேட்டு வாங்க வேண்டும், தானாகத் தர மாட்டார்கள், இன்சூரன்ஸுக்கு அது அவசியம். மொத்தம் 13,800 ரூபாய் ஆனது, வயரிங் உட்பட.

பணம் வாங்குவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்துக்காகவே நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். ட்ரெய்லரில் ஐந்து சிமென்ட் மூட்டை ஏற்றி, பக்கத்து சீட்டில் தானே உட்கார்ந்து, அரவேனு வரை இறங்கச் சொன்னார். மூட்டைகளை வேண்டுமென்றே முதலில் பின்பக்கம் வைத்திருந்தார். நேர் ரோட்டில் ஐம்பதைத் தொட்டதும் வண்டியின் பின்புறம் நாய் வாலாட்டுவது போல அசைந்தது. ஓரமாக நிறுத்தச் சொல்லி, மூன்று மூட்டையை அச்சுக்கு முன்னால் மாற்றினார். அதே ரோடு, அதே வேகம், ஆட்டம் நின்றுவிட்டது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஒன்றரைப் பங்கு வரை மூக்கில் இறங்க வேண்டும். குறைந்தால் வால் ஆடும், மிகவும் கூடினால் வண்டியின் பின்புறம் அமுங்கி முன் சக்கரம் பிடிமானம் இழக்கும். சாமானோடு சேர்த்து என் ட்ரெய்லரின் 400 கிலோவுக்கு 40-லிருந்து 60 கிலோ. இப்போது பெரிய அண்டாவும் கல் உரலும் எப்போதும் முன்னால், தட்டு, டம்ளர், ஜாரணி எல்லாம் பின்னால்.

“இழுக்குறது பெரிசில்ல கண்ணு, எறங்குறதுதான் பெரிசு” என்று திரும்பி வரும்போது சொன்னார். இந்த ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் கிடையாது, 400 கிலோவையும் இன்னோவாவின் பிரேக்தான் பிடிக்க வேண்டும். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில்தான் இறங்குகிறேன், பெரும்பாலும் இரண்டாவது. காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு குன்னூர் மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால் பாதி வழியில் கருகல் வாடை வரும், அதற்கப்புறம் பிரேக் பிடிக்காது. வளைவில் ட்ரெய்லரின் சக்கரம் வண்டிச் சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதால் அகலமாக எடுக்க வேண்டும், அதற்கு எதிரே பஸ் வராத நேரம் பார்க்க வேண்டும். மழை வலுத்தால் ட்ரெய்லரை எடுப்பதில்லை, வாடகைக்குப் பிக்கப் சொல்லிவிடுகிறேன். 500 கிலோவுக்கு மேல் இழுக்க ஆசைப்பட்டால் தன்னிடம் வர வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், அதை நான் மீறியதில்லை.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லி எட்டு போல்ட்டையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி இறுக்கினார், ஒவ்வொரு நட்டின் மேலும் சேஸிஸோடு சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். கோடு விலகினால் நட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிளம்பும் முன் நான் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான். எட்டு மாதத்தில் கோடு நகரவில்லை. அம்மா இப்போது முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறார், கரண்டிப் பையை மட்டும் ட்ரெய்லரில் போட விடுவதில்லை, மடியில்தான்.

ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஒன்பதரைக்கு மேல் போங்கள், ட்ரெய்லரையும் கூடவே கொண்டுபோங்கள், குண்டின் உயரத்தை அதை வைத்துத்தான் மட்டம் பார்ப்பார். ஸ்டெப்னிக் கம்பியை மறக்காதீர்கள்.