பாத்திரம் தேய்க்கும் கைக்கு இரட்டைக் கையுறை: உள்ளே பனியன் துணி, வெளியே வினைல்

கோவையில் கணபதி பக்கம் லேத் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் சேஃப்டி கடைகளில் ஹெல்மெட்டுக்கும் வெல்டிங் கண்ணாடிக்கும் நடுவே டஜன் டஜனாகக் கட்டி வைத்திருக்கும் வெள்ளைப் பனியன் துணிக் கையுறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கையில் ஒவ்வாமை வந்து தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதுதான். வாசனை போட்ட ஹேண்ட் கிரீமை வாங்கவே வேண்டாம்.

நான் வாங்கியது அம்மாவுக்கு. பாத்திர சோப்பால் விரலிடுக்கில் ஆரம்பித்த அரிப்பு, ரப்பர் கையுறை போடத் தொடங்கியதும் மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. டாக்டர் பேட்ச் டெஸ்ட் எழுதினார். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக ஒட்டி, 2 நாள் அப்படியே விட்டு, எடுத்ததும் ஒரு தடவையும் 4ஆம் நாள் வாக்கில் இன்னொரு தடவையும் பார்க்கிறார்கள், அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. அம்மாவுக்குத் தையூரம் கலவை ஒட்டிய இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. ரப்பர் தயாரிக்கும்போது சேர்க்கிற வேதிப்பொருள் அது. ரப்பர் பாலில் இருக்கிற புரதத்துக்கு வரும் அலர்ஜி வேறு, அது போட்ட கொஞ்ச நேரத்திலேயே தடிப்பாகக் கிளம்பிவிடும். இது ஒன்றிரண்டு நாள் கழித்து நிதானமாக வருவதால் கையுறை மேல் யாருக்கும் சந்தேகமே வராது. நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை பலவற்றிலும் இதே வகை ரசாயனங்கள் இருக்கும் என்பதால் வினைல் என்கிற பிளாஸ்டிக் கையுறை போடச் சொன்னார், அதுவும் உள்ளே பருத்தி இல்லாமல் போடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார்.

காரணம் வியர்வை. வெறும் வினைலைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் பத்து நிமிடத்தில் உள்ளே கை நனைந்து ஊறிவிடும், ஊறின தோலில் எதுவும் எளிதாக இறங்கும், அப்புறம் கையுறை போட்டு என்ன பயன்? பருத்தி அந்த ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. அப்படியும் ஒரே மூச்சில் கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உள்கையுறை ஈரமானதும் மாற்றிவிட வேண்டும். அதனால் ஒரு ஜோடி போதாது, டஜனாக வாங்குவதுதான் சரி.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். உள்ளங்கையில் புள்ளி புள்ளியாகப் பிடிமானத்துக்கு ஒட்டியிருக்கும் ரகம் வேண்டாம். மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்ததும் வேண்டாம், ரப்பர் அலர்ஜி உள்ளவருக்கு அந்த எலாஸ்டிக்கே போதும், வளையல் போட்ட மாதிரி சிவந்துவிடும். மூன்றாவது, துணி. ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 'நூறு சதவீதம் காட்டன்' என்று போட்டிருந்ததை வாங்கினேன், தொட்டால் வழவழப்பு. ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர வேண்டும். இது சுருண்டு முனையில் கறுப்பாகக் கடுகு மாதிரி உருண்டு நின்றது. பாலியஸ்டர் கலப்பு. திருப்பிக் கேட்டும் பணம் வரவில்லை. கடையில் நேரில் தொட்டுப் பார்த்து வாங்கியதில் அந்தத் தொல்லை இல்லை.

குறையும் உண்டு. விரல் ஓரத்தில் தையல் தடிப்பாக இருக்கிறது, வெடிப்பு விட்ட இடத்தில் அது உரசினால் சுரீர் என்கிறது. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டால் தையல் மேலே போய்விடும், பிரச்சனை தீர்ந்தது. இன்னொன்று அளவு. பட்டறை ஆண்கள் கைக்குத் தைத்தது, பெண்களுக்கு விரல் நுனியில் துணி தொங்கும், அதோடு வினைலை மாட்டினால் டம்ளர் நழுவும். பள்ளி பேண்ட் குழுவுக்குக் கையுறை விற்கும் யூனிஃபார்ம் கடையில் சின்ன அளவு கிடைத்தது, பருத்திதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிக் கையுறை அதற்கு ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும்.

இரவுக்கும் இந்தப் பனியன் கையுறைதான். டாக்டர் எழுதிய மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட்டை ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம், ஒரு கையின் முன்னும் பின்னும் பூச அது போதும். அவர் சொன்ன நாள் வரைதான், அதற்கு மேல் நாமாக நீட்டிக்கக் கூடாது. மற்ற நேரங்களில் வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. கை கழுவி ஒற்றி எடுத்த உடனே, ஈரப்பதம் போகும் முன் பூச வேண்டும், அதன் மேல் கையுறை மாட்டிக்கொண்டால் தலையணை உறையில் பிசுபிசுப்பு ஏறாது. ஸ்டீராய்டு பூசிய கையில் வினைலை மட்டும் மாட்டிக்கொண்டு தூங்கிவிடாதீர்கள், காற்றுப் புகாமல் மூடினால் மருந்து அளவுக்கு மீறித் தோலில் இறங்கும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தருகிற 'எல்லாத்துக்கும் ஒரே கிரீம்' வகையறா, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்தது, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். மஞ்சள் அரைத்துப் போடுவதும் வேண்டாம், மஞ்சளுக்கே ஒவ்வாமை வருகிறவர்கள் உண்டு. நீர் கோத்து, சீழ் வைத்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ மறுபடி டாக்டரிடம்தான்.

"கிளவுஸ் போட்டுத் தேய்ச்சா எண்ணெய்ப் பிசுக்கு போச்சான்னே தெரியல" என்று அம்மா முதலில் கழற்றிக் கழற்றி வைத்தார். "நீ சாம்பார் பாத்திரம் மட்டும் விட்டுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று பேசி வழிக்குக் கொண்டுவந்தேன். இப்போது வெடிப்பு மூடிவிட்டது, புளி கரைக்கும்போது எரிச்சல் இல்லை. பூண்டு உரிப்பது இன்னும் நான்தான், பூண்டுச் சாறு பல கையுறைகளையே ஊடுருவும் என்பதால். பார்வைக்கு ஆறினாலும் தோல் பழைய பலத்துக்கு வர மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் கையுறையை நிறுத்தவில்லை.

துவைக்க: சாயம் போகாத துணிகளோடு, வாசனைத் திரவம் எதுவும் ஊற்றாமல், நன்றாக அலசி வெயிலில். பத்துப் பன்னிரண்டு சலவைக்குப் பிறகு விரல் நுனி இற்றுவிடுகிறது, அந்த விலைக்கு அது பரவாயில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை போனது அளவுக்காக.